ஊசி குத்தாமல் சர்க்கரை அறிய முடியுமா?

 

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள், தீவிர சிகிச்சைப் பிரிவில், அதாவது ஐசியுவில், படுத்திருக்கும் நோயாளியின் ரத்தச் சர்க்கரை. ஊசி குத்தாமல், ரத்தம் எடுக்காமல், இரவும் பகலும் இடைவிடாமல் அதை அறிய முடியுமா? கையில் கட்டும் கடிகாரமே சுகர் பார்த்துச் சொல்லிவிடும் என்று விளம்பரங்கள் வரும் காலம் இது. ஆகவே இந்தக் கேள்வியை நிதானமாகக் கேட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐசியு நோயாளிக்கு வலியில்லாத எண் வேண்டும். ஆனால் அதற்கும் முன்பாக, பொய்யில்லாத எண் வேண்டும். என் பேச்சு முழுவதும் இந்த ஒரு கருத்தைச் சுற்றித்தான்.

ஒரு நோயாளியை மனக்கண்ணில் பாருங்கள். அறுபது வயது. நுரையீரலில் கடுமையான தொற்று. மூச்சுக்கு வென்டிலேட்டர். ரத்த அழுத்தம் விழாமல் இருக்க நார்அட்ரினலின் மருந்து சொட்டிக்கொண்டிருக்கிறது. வென்டிலேட்டர் குழாயின் வேதனை தெரியாமல் இருக்க மயக்க மருந்து. சர்க்கரை 280-க்குப் போய்விட்டதால் சிரிஞ்சு பம்ப் வழியாக இன்சுலின். மூக்கில் போட்ட குழாய் வழியாக உணவு. நள்ளிரவில் ஸ்கேன் எடுக்க வேண்டும் என்கிறார்கள். உணவை நிறுத்துகிறார்கள். இன்சுலின் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கிறது. சர்க்கரை இறங்குகிறது. 150, 100, 70, 50...

நமக்கு இப்படிச் சர்க்கரை இறங்கினால் என்ன ஆகும்? கை நடுங்கும், வியர்க்கும், நெஞ்சு படபடக்கும், பசி வாட்டும். பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு வாய் சர்க்கரைத் தண்ணீர் கேட்போம். இந்த நோயாளி யாரிடம் கேட்பார்? அவர் மயக்க மருந்தில் இருக்கிறார். அவருடைய மூளை பட்டினி கிடப்பது அவருக்கே தெரியாது. அதை நமக்குச் சொல்ல அந்த எண்ணைத் தவிர வேறு வழியில்லை. அந்த எண் ஒரு மணி நேரம் தாமதமாக வந்தால்? அல்லது வந்த எண்ணே தவறாக இருந்தால்?

இதற்கு முன்னால் இன்னொரு கேள்வி வரும். என் தந்தைக்குச் சர்க்கரை நோயே இல்லையே, ஐசியுவில் அவருக்கு ஏன் இன்சுலின் போட்டார்கள் என்று பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. உடலுக்குப் பெரிய ஆபத்து வரும்போது அட்ரினலின், கார்டிசால், குளுக்ககான் ஆகிய ஹார்மோன்கள் பெருகுகின்றன. கல்லீரல் சர்க்கரையைத் தயாரித்து ரத்தத்தில் கொட்டுகிறது. தசைகள் இன்சுலினின் சொல்லைக் கேட்க மறுக்கின்றன. சர்க்கரை நோய் இல்லாதவருக்கும் சர்க்கரை ஏறிவிடுகிறது. நெருக்கடியில் சர்க்கரை ஏறும் என்பதைப் பிரெஞ்சு உடலியல் மேதை கிளாட் பெர்னார் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கவனித்திருக்கிறார்.

சரி, ஏறிய சர்க்கரையை எவ்வளவு இறக்க வேண்டும்? இந்தக் கேள்விக்கு விடை தேடிய வரலாறு, நம் பேச்சுக்கு அடித்தளம். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

2001-ஆம் ஆண்டு. பெல்ஜியம் நாட்டின் லூவன் நகரம். கிரேட் வான் டென் பெர்க் என்ற மருத்துவர் தலைமையில் ஓர் ஆய்வு. அறுவை சிகிச்சை ஐசியுவில் இருந்த 1,548 நோயாளிகள். ஒரு பாதிப் பேருக்குச் சர்க்கரை 215-ஐத் தாண்டினால்தான் இன்சுலின். மறு பாதிப் பேருக்கு 80-க்கும் 110-க்கும் நடுவே இறுக்கிப் பிடித்த கட்டுப்பாடு. ஐசியுவில் நேர்ந்த மரணம் 8 சதவீதத்திலிருந்து 4.6 சதவீதமாகக் குறைந்தது! உலகமே வியந்தது. மருத்துவமனைகள் போட்டி போட்டுக்கொண்டு சர்க்கரையை இறுக்கிப் பிடித்தன.

எட்டு ஆண்டுகள் கழிந்தன. 2009. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா, அமெரிக்கா ஆகிய நாடுகளில் 42 மருத்துவமனைகள் சேர்ந்து, 6,104 நோயாளிகளிடம் நடத்திய நைஸ்-சுகர் ஆய்வின் முடிவு வந்தது. இறுக்கிப் பிடித்தவர்களில் 90 நாட்களுக்குள் இறந்தவர்கள் 27.5 சதவீதம். 180 வரை விட்டுப் பிடித்தவர்களில் 24.9 சதவீதம். இறுக்கிப் பிடித்த பக்கம்தான் அதிகம் பேர் இறந்திருந்தார்கள்! சர்க்கரை 40-க்கோ அதற்கும் கீழோ போன கடும் தாழ்நிலை, இறுக்கிய பக்கம் 6.8 சதவீதம் பேருக்கு. விட்டுப் பிடித்த பக்கம் வெறும் 0.5 சதவீதம் பேருக்கு.

ஒரே சிகிச்சை. ஓரிடத்தில் உயிர் காத்தது, இன்னோரிடத்தில் உயிருக்குக் கேடானது. ஏன்? அறிஞர்கள் பல காரணங்கள் சொல்கிறார்கள். நோயாளிகள் வேறு, உணவு கொடுத்த முறை வேறு. அவற்றோடு ஒரு காரணத்தை நான் இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். லூவனில் சர்க்கரையை அளந்தது தமனி ரத்தத்தில். அதுவும் துல்லியமான ரத்த வாயுப் பகுப்பாய்வுக் கருவியில். பின்னால் நடந்த பெரிய ஆய்வில் ஒவ்வொரு மருத்துவமனையும் தன்னிடம் இருந்த கருவியால் அளந்தது. 80-க்கும் 110-க்கும் நடுவே இருப்பது குறுகிய பாதை. அந்தப் பாதையில் நடப்பவருக்குக் கண் தெளிவாகத் தெரிய வேண்டாமா?

இன்று உலகெங்கும் பெரும்பாலான ஐசியுக்களில் 180-ஐத் தாண்டினால் இன்சுலின் தொடங்கி, 140-க்கும் 180-க்கும் நடுவே வைக்கிறார்கள். இது பாதுகாப்பான முடிவு. நல்ல முடிவு. ஆனால் இந்த அளவுக்குள் வைப்பதற்கும் மணிக்கொரு முறையோ இரண்டு மணிக்கொரு முறையோ சர்க்கரையைப் பார்த்தாக வேண்டும். பார்ப்பது யார்? நம் செவிலியர்தான். நம் வார்டுகளில் சிபிஜி என்று சொல்வார்களே, அந்த விரல்நுனிச் சோதனை. ஓர் இரவில் எத்தனை நோயாளிகள், எத்தனை விரல்கள், எத்தனை ஸ்ட்ரிப்கள்!

அந்த விரல்நுனிச் சோதனை ஐசியுவில் எவ்வளவு நம்பகமானது? வீட்டில் உபயோகிக்கும் குளுக்கோமீட்டருக்கு உலகத் தர விதி ஒன்று உண்டு. சர்க்கரை 100-க்குக் கீழே இருந்தால் 15 புள்ளி முன்னே பின்னே இருக்கலாம். 100-க்கு மேலே 15 சதவீதம் முன்னே பின்னே இருக்கலாம். நூற்றுக்கு 95 முறை இப்படி இருந்தால் போதும். அதாவது உண்மையில் 60 இருக்கும்போது கருவி 75 என்று காட்டினாலும் அது விதிக்கு உட்பட்ட கருவிதான். வீட்டில் நடமாடும் மனிதருக்கு இது பெரும்பாலும் போதும். இன்சுலின் ஓடிக்கொண்டிருக்கும் ஐசியு நோயாளிக்குப் போதுமா?

அதோடு முடியவில்லை. ரத்த அழுத்தம் விழுந்துவிட்ட அதிர்ச்சி நிலையில் விரல்நுனிக்கு ரத்தமே சரியாகப் போவதில்லை. அங்கே எடுக்கும் சொட்டு, உடலின் நடுவே ஓடும் ரத்தத்தின் நிலையைச் சொல்லாது. கை கால் வீங்கியிருந்தால் திசுநீர் கலந்துவிடும். ரத்தசோகை இருந்தால் பல ஸ்ட்ரிப்கள் சர்க்கரையைக் கூட்டிக் காட்டும். ஐசியுவில் ரத்தசோகை இல்லாத நோயாளி அபூர்வம். அதிக அளவு வைட்டமின் சி கொடுத்தால் சில கருவிகள் ஏமாறும். வயிற்று டயாலிசிஸுக்குப் பயன்படும் ஐகோடெக்ஸ்ட்ரின் என்ற திரவம் உடலுக்குள் மால்டோசாக மாறும். ஒருவகைப் பழைய ஸ்ட்ரிப் அந்த மால்டோஸையும் குளுக்கோஸ் என்று எண்ணிக்கொண்டது. சர்க்கரை தாழ்ந்திருக்க, கருவி உயர்ந்த எண்ணைக் காட்டியது. அதை நம்பி இன்சுலின் கொடுத்தார்கள். இப்படித் தொடர்புடைய 13 மரணங்கள் 1997 முதல் 2009 வரை தன்னிடம் பதிவானதாக அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2009-இல் எச்சரிக்கை வெளியிட்டது.

ஆகவேதான், தமனியில் ஏற்கெனவே குழாய் போட்டிருந்தால், விரலைக் குத்தாமல் அந்தத் தமனி ரத்தத்திலேயே பாருங்கள் என்று செப்சிஸ் என்னும் கடும் தொற்று நிலையின் சிகிச்சைக்கான உலக வழிகாட்டுதல்கள் 2016-இல் சொல்லின. தவறான எண் என்பது எண் இல்லாததைவிடக் கொடியது. எண் இல்லாவிட்டால் மருத்துவர் சந்தேகப்படுவார். தவறான எண் இருந்தால் நிம்மதியாக இருந்துவிடுவார்.

சரி, ஊசியே இல்லாமல் தோலுக்கு வெளியே இருந்தே பார்த்துவிட்டால் என்ன? அற்புதமான கனவு! ஆக்சிஜனுக்கு இந்தக் கனவு நனவாகியிருக்கிறதே! கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு வாங்கினோமே, விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர், அதற்கு வழி வகுத்தவர் ஜப்பானியப் பொறியாளர் தகுவோ அவோயாகி. ஆண்டு 1974. இதயம் எவ்வளவு ரத்தத்தை இறைக்கிறது என்பதைச் சாயம் ஏற்றி அளக்க முயன்றுகொண்டிருந்தார். நாடித்துடிப்பு குறுக்கே வந்து அளவைக் கெடுத்தது. அந்த இடைஞ்சலைத் தூக்கி எறியாமல் உற்றுப் பார்த்தார். துடிப்போடு சேர்ந்து ஏறி இறங்கும் ஒளியில், தமனி ரத்தத்தின் ஆக்சிஜன் கணக்கு இருப்பதைக் கண்டார். இன்று மயக்க மருந்து கொடுக்கும்போது அந்தக் கருவியைப் பயன்படுத்துவது அடிப்படை விதியாகிவிட்டது.

ஆக்சிஜனுக்கு முடிந்தது சர்க்கரைக்கு ஏன் முடியவில்லை? இங்கேதான் இயற்கை நமக்கு வைத்திருக்கும் கடினமான கணக்கு இருக்கிறது. ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினுக்கு நிறம் உண்டு. ஆக்சிஜன் ஏறினால் ஒரு நிறம், இறங்கினால் வேறு நிறம். நூறு மில்லி ரத்தத்தில் அது சுமார் 15 கிராம் இருக்கிறது. குளுக்கோஸ்? நிறமே இல்லை. நூறு மில்லியில் 100 மில்லிகிராம். அதாவது பத்தில் ஒரு கிராம். ஹீமோகுளோபினில் நூற்றைம்பதில் ஒரு பங்கு! உடம்பிலுள்ள சுமார் ஐந்து லிட்டர் ரத்தத்திலும் சேர்த்து ஐந்து கிராம்தான் சர்க்கரை. அதைச் சுற்றிலும் தண்ணீர், புரதம், கொழுப்பு. அகச்சிவப்பு ஒளியைத் தண்ணீரே பெருமளவு விழுங்கிவிடுகிறது. தேரோட்டத்தன்று வீதியில் ஒருவர் முணுமுணுப்பதை மாடியில் நின்று கேட்க முயல்வது போன்ற வேலை இது.

ஆனாலும் மனிதர்கள் முயன்றார்கள், சளைக்காமல் முயன்றார்கள். 2001-இல் அமெரிக்காவில் குளுக்கோவாட்ச் என்ற கைக்கடிகாரம் அனுமதி பெற்றது. மெல்லிய மின்சாரத்தால் தோலுக்கடியிலிருந்து திசுநீரை இழுத்து, அதில் சர்க்கரையை அளந்தது. தோல் சிவந்தது. தயாராகவே மூன்று மணி நேரம் பிடித்தது. வியர்த்தால் அளக்கத் தவறியது. சர்க்கரை தாழும்போது தோன்றும் அறிகுறியே வியர்வைதானே! சில ஆண்டுகளில் அது சந்தையிலிருந்து மறைந்தது. 2003-இல் ஐரோப்பாவில் பெண்ட்ரா என்ற மணிக்கட்டுக் கருவி வந்தது. பயனாளிகளிடம் சோதித்தபோது நூற்றுக்கு நான்கு அளவீடுகளுக்கு மேல், தாழ்வை உயர்வாகவும் உயர்வைத் தாழ்வாகவும் காட்டும் மிக ஆபத்தான வகையில் விழுந்தன. அதுவும் மறைந்தது. 2014-இல் கண்ணீரில் சர்க்கரை பார்க்கும் கான்டாக்ட் லென்ஸ் செய்யப்போவதாகக் கூகுள் அறிவித்தது. கண்ணீரின் சர்க்கரையும் ரத்தத்தின் சர்க்கரையும் சீராக ஒத்துப்போகவில்லை என்று 2018-இல் அந்த முயற்சி நிறுத்தி வைக்கப்பட்டது.

இவ்வளவு திறமையானவர்கள் ஏன் தடுமாறினார்கள்? பொறியியல் மாணவர்களே, இதை நீங்கள் குறிப்பாகக் கேட்க வேண்டும். ஒரு தன்னார்வலருக்குச் சர்க்கரைத் தண்ணீர் கொடுக்கிறோம். ரத்தச் சர்க்கரை ஏறி, இரண்டு மூன்று மணி நேரத்தில் இறங்குகிறது. அதே நேரத்தில் அவருடைய தோலின் வெப்பம் மாறுகிறது, ஈரம் மாறுகிறது, ரத்த ஓட்டம் மாறுகிறது, கருவி தோலை அழுத்தும் அழுத்தம் மாறுகிறது. நூறு அலைநீளங்களில் ஒளியைப் பதிவுசெய்து கணினியிடம் கொடுத்தால், ஏதோ ஒரு மாற்றத்தைச் சர்க்கரையோடு அது பொருத்திக் காட்டிவிடும். வரைபடம் அழகாக இருக்கும். மறுநாள் அதே மனிதரிடம் பொய்த்துப் போகும். கருவி பார்த்தது சர்க்கரையை அல்ல; சர்க்கரையோடு கூடவே நகர்ந்த வேறொன்றை.

இப்போது ஐசியு நோயாளியிடம் திரும்பி வாருங்கள். தோல் குளிர்ந்திருக்கிறது. உடல் வீங்கியிருக்கிறது. மஞ்சள் காமாலை இருக்கலாம். நார்அட்ரினலின் தோலின் ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிட்டது. எங்கே ஊசியில்லாத கருவி மிகவும் தேவையோ, அங்கேதான் அது தடுமாற எல்லாக் காரணங்களும் கூடியிருக்கின்றன. ஆரோக்கியமான இளைஞரிடம் வென்ற கருவியை அப்படியே ஐசியுவுக்குத் தூக்கி வர முடியாது என்பது இதனால்தான்.

இன்னொன்றும் உண்டு. நம் ஊருக்கு மிக முக்கியமானது. பல்ஸ் ஆக்சிமீட்டரைப் புகழ்ந்தேன் அல்லவா? 2020-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, கருவி நல்ல எண்ணைக் காட்டும்போதே ரத்தத்தில் ஆக்சிஜன் தாழ்ந்திருந்த நிலை, வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவரிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு இருந்ததாகக் காட்டியது. கருவி பிறந்து அரை நூற்றாண்டு நெருங்கும் வேளையில் இந்தச் செய்தி! ஒளியால் அளக்கும் எந்தக் கருவியும் தோலின் நிறத்தைக் கணக்கில் கொண்டாக வேண்டும். நாளை வரப்போகும் சர்க்கரைக் கருவி, நம் கரிய தோலிலும் மாநிறத் தோலிலும் சோதிக்கப்பட்டதா? இதை நாம் கேட்காவிட்டால் வேறு யார் கேட்பார்கள்?

அப்படியானால் நம்பிக்கையே இல்லையா? இருக்கிறது, நிறையவே இருக்கிறது! திருச்சி திருவானைக்காவலில் 1888-இல் பிறந்த சர் சி.வி.ராமன், 1928 பிப்ரவரி 28-ஆம் நாள் உலகுக்குக் கொடுத்த கண்டுபிடிப்பை நினைத்துப் பாருங்கள். ஒரு மூலக்கூறின்மேல் பட்டுச் சிதறும் ஒளியில் ஒரு சிறு பகுதி, அந்த மூலக்கூறுக்கே உரிய அடையாளத்தைச் சுமந்து வருகிறது. 2020-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள், உயிருள்ள பன்றியின் காதில் அந்த ராமன் ஒளியைக் கொண்டு குளுக்கோஸின் அடையாளத்தை நேரடியாகக் கண்டதாக அறிவித்தார்கள். கூடவே நகரும் வேறெதையோ அல்ல, குளுக்கோஸையே கண்டார்கள் என்பதுதான் இதில் பெரிய செய்தி. பன்றியின் காதிலிருந்து ஐசியு படுக்கைக்குத் தூரம் அதிகம். ஆனால் பாதை தெரிகிறது.

நடுவழியில் உதவ இன்னொன்றும் வந்திருக்கிறது. தோலுக்கடியில் மயிரிழை போன்ற உணரியைச் செருகி, சில நிமிடங்களுக்கு ஒருமுறை திசுநீரின் சர்க்கரையைச் சொல்லும் சிஜிஎம் கருவி. இது முற்றிலும் ஊசியில்லாதது அல்ல. ஆனால் மணிக்கு மணி குத்த வேண்டியதில்லை. கொரோனா வேளையில், 2020 ஏப்ரலில், மருத்துவமனை நோயாளிகளிடம் இதைப் பயன்படுத்த அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் தடை சொல்லவில்லை. செவிலியர் கவச உடையோடு ஒவ்வொரு முறையும் உள்ளே போகாமல் வெளியில் இருந்தே சர்க்கரையைப் பார்க்க முடிந்தது. இதிலும் குறை உண்டு. திசுநீர், ரத்தத்தைவிடச் சில நிமிடங்கள் பின்தங்கி வரும். அதிர்ச்சி நிலையில் அளவு பிசகலாம். ஆனால் சர்க்கரை எந்தத் திசையில் போகிறது என்று காட்டுகிறது. 150-இலிருந்து இறங்கிக்கொண்டிருக்கிறது என்று அபாய மணி அடித்திருந்தால், நான் முதலில் சொன்ன அந்த நோயாளியின் இன்சுலினை 50-க்கு முன்பே நிறுத்தியிருப்போமே!

பச்சிளம் குழந்தைகளையும் மறந்துவிடக் கூடாது. ஒரு கிலோ எடையில் குறைமாதத்தில் பிறந்த சிசுவின் உடலில் மொத்த ரத்தமே சுமார் 90 மில்லி. சர்க்கரை தாழ்ந்தால் வளரும் மூளைக்குக் கேடு. பார்க்க வேண்டுமென்றால் அந்தப் பிஞ்சுக் குதிகாலைத் திரும்பத் திரும்பக் குத்த வேண்டும். ஊசியில்லாத கருவிக்கு உலகத்தில் யார் முதல் உரிமையாளர் என்று கேட்டால், அந்தக் குழந்தையைத்தான் நான் காட்டுவேன்.

அன்புடையீர்! முடிவாக மூன்று வேண்டுகோள்கள்.

பொதுமக்களுக்கு ஒன்று. தோலைத் துளைக்காமல் தானாகவே சர்க்கரையை அளப்பதாகச் சொல்லும் கைக்கடிகாரத்தையோ மோதிரத்தையோ நம்பாதீர்கள் என்று 2024 பிப்ரவரியில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் வெளிப்படையாக எச்சரித்தது. அப்படிப்பட்ட எந்தக் கருவிக்கும் தான் அனுமதி தரவில்லை என்றும் சொன்னது. அந்த எண்ணைப் பார்த்து இன்சுலின் போட்டுக்கொள்ளாதீர்கள். மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ செய்யாதீர்கள்.

மருத்துவமனைகளுக்கு ஒன்று. நாளைய கருவி வரும்வரை இன்றைய அளவீட்டைச் சரியாகச் செய்யுங்கள். அதிர்ச்சியில் இருப்பவருக்குத் தமனி ரத்தத்தில் பாருங்கள். உணவை நிறுத்தினால் இன்சுலினையும் மறுபரிசீலனை செய்வது எழுதப்படாத வழக்கமாக இருக்கக் கூடாது. எழுதி ஒட்டிய விதியாக இருக்க வேண்டும். போதுமான செவிலியரை நியமியுங்கள். இன்றுவரை ஐசியுவின் மிகச் சிறந்த சர்க்கரைக் காவல், விழித்திருக்கும் ஒரு செவிலியர்தான்.

இளைஞர்களுக்கு ஒன்று. இந்தக் கருவியைச் செய்யுங்கள், நிச்சயமாகச் செய்யுங்கள். செய்தபின் அதை ஆரோக்கியமான நண்பரிடம் சோதித்துவிட்டு நின்றுவிடாதீர்கள். அதிர்ச்சியில் கிடப்பவரிடம், ரத்தசோகை உள்ளவரிடம், உடல் வீங்கியவரிடம், கரிய தோல் உள்ளவரிடம், உரிய அனுமதியோடு சோதியுங்கள். தமனி ரத்தத்தின் ஆய்வக அளவோடு ஒப்பிடுங்கள். தாழ்ந்த சர்க்கரையைச் சரியாகப் பிடிக்கிறதா என்று முதலில் பாருங்கள். அளக்க முடியாத வேளையில் ஏதோ ஓர் எண்ணைக் காட்டாமல், அளக்க முடியவில்லை என்று ஒப்புக்கொள்ளும் நேர்மையை உங்கள் கருவிக்குக் கற்றுக்கொடுங்கள். பேச முடியாத ஒரு மனிதருக்காகப் பேசப்போகும் கருவி அது. அது உண்மையைத்தான் பேச வேண்டும்.